ஏசுரத்தினத்தின் இடது கால்

"என் இடது கால் உத்தரவு குடுக்காம எந்த வண்டியும் கியர் மாத்தாது. அப்படி ஒண்ணு பொறந்து வந்துச்சின்னா, அன்னிக்கே லைசென்ஸைக் கிழிச்சிட்டு மாடு மேய்க்கப் போறேன்."

சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரி டிரைவர் ஏசுரத்தினம் இதை 1938ஆம் வருஷம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பதினோரு பேர் முன்னிலையில் அறிவித்தார். கெஜட்டில் வரவில்லையே தவிர, ஜில்லா முழுக்க அன்றே அமலுக்கு வந்துவிட்டது.

அந்தக் காலை லேசாக எண்ணிவிடக் கூடாது. ஆஸ்பத்திரி லாரி கிழட்டு லாரி. வேகம் குறையும்போது கிளச்சை ஒரு முறை மிதித்துக் கியரைக் கழற்றி, எஞ்சினைக் கொஞ்சம் உறுமவிட்டு, மறுபடி மிதித்துக் கீழ் கியரில் போட வேண்டும். தவறினால் பல்லோடு பல் உரசுவது நாலு தெரு கேட்கும். இருபது வருஷத்தில் அப்படியொரு சத்தம் அவர் வண்டியிலிருந்து எழுந்ததில்லை. சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் பெஞ்சுக்கடியில் அந்தக் கால் தானாகவே இரண்டு மிதி மிதிக்கும். மனைவி கிருபாவதி தொடையில் கிள்ளி அதை நிறுத்துவார். அவருடைய வாகனத்துக்கு இருந்த ஒரே வெளிப் பிரேக் அதுதான்.

1946இல் அமெரிக்காவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு ஸ்டேஷன் வேகன் வந்து சேர்ந்தது. பக்கமெல்லாம் மரப்பலகை, பின் சீட்டைக் கழற்றினால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம். கிளச் மட்டும் இல்லை. ஏசுரத்தினம் குனிந்து தேடினார், கால் விரிப்பையும் தூக்கிப் பார்த்தார். வேகம் குறைந்தால் கியர் தானே இறங்கிக்கொள்ளும், இடது காலுக்கு வேலையே கிடையாது என்று பெரிய டாக்டரம்மா விளக்கினார். ஏசுரத்தினம் பணிவாகக் கேட்டுவிட்டுத் தனக்கு லாரியே போதும் என்றார். திருப்பதி பஸ் டிரைவர் ரங்கையா அன்று முதல் தினமும் விசாரிக்கலானார்.

"ஏமய்யா ஏசுரத்தினம், மாடு வாங்கியாச்சா? புல்லு நான் போடறேன்."

இந்த விசாரணை மாம்பழக் காலம் வரை நடந்தது. அதற்குள் கிருபாவதியின் முதுகெலும்பில் புற்று வந்துவிட்டது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா ஏசுரத்தினத்தைத் தனியே அழைத்துச் சொன்னார். கிருபாவதி கேட்டது ஒன்றுதான்: திருப்பதியில் தான் பிறந்த வீட்டில், தங்கை ஞானமணியின் பக்கத்தில், மலை தெரிகிற ஜன்னலோரம் படுக்க வேண்டும். கிறிஸ்தவப் பெண்ணுக்குத் திருமலை எதற்கு என்று நர்சு கேலி செய்தபோது, "சாமி அவங்களுது. மலை பாக்கறவங்களுது" என்றார்.

அதிர்ந்தால் அவருக்கு உயிர் போகிற வலி. லாரியில் ஏற்ற முடியாது. வேகனைத் தானே ஓட்டி வருவதாக டாக்டரம்மா சொன்னார். தன் பெண்டாட்டியைத் தானேதான் கொண்டுபோக வேண்டும் என்று ஏசுரத்தினம் ஒற்றைக் காலில் நின்றார். எந்தக் கால் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பாகாலா வரை வண்டி எண்ணெயில் போவதுபோலப் போனது. அங்கே ரயில்வே கேட்டை மூடிக்கொண்டிருந்தார்கள். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று மனசு நினைப்பதற்குள், இருபத்தெட்டு வருஷ அனுபவமுள்ள கால் கிளச்சைத் தேடிப் பாய்ந்தது. கிளச் இருக்க வேண்டிய இடம் வரைக்கும் பிரேக் பெடல் அகலமாக நீண்டிருந்தது. கால் முழுப் பலத்தோடு அதன்மேல் இறங்கியது. வண்டி மூக்கைத் தரையில் குத்துவதுபோல நின்றது. பின்னால் கிருபாவதி அலறினார்.

ஏசுரத்தினம் மன்னிப்புக் கேட்டார், காலைத் திட்டினார், இனி நடக்காது என்று சத்தியம் செய்தார். நாலு மைல் தள்ளி ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. சத்தியம் ஏசுரத்தினம் செய்தது, கால் செய்யவில்லை. இந்த முறை கிருபாவதி அலறவில்லை. ஏசுரத்தினம் கண்ணாடியில் பார்த்தார்: அவள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

ஆடுகள் போய் முடிந்த பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இன்னாங்க," என்றார் கிருபாவதி, துணியை எடுத்துவிட்டு. "அதுக்கே தெரியுமாமே. டாக்டரம்மா சொல்லிச்சே. வுட்டுடுங்களேன்."

"என்னால வுட முடியலியே, கிருபா."

"என்னை வுட்டுட்டுத்தான இருக்கப் போறீங்க. இதை வுட முடியாதா?"

ஏசுரத்தினம் இடது செருப்பைக் கழற்றினார். காலை மடித்துத் தொடைக்கடியில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார்.

சந்திரகிரிக்கு முன்னால் நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி வழியடைத்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து வலது காலை எடுத்தார். வேகம் இறங்கியது. கீழே எங்கோ மெல்ல ஒரு அசைவு. ஒரு கியர் இறங்கியிருந்தது. இன்னும் குறைந்ததும் இன்னொன்று, தூங்குகிற ஆள் புரண்டு படுப்பதுபோல. கடைசியாக ஒன்று. பிறகு பிரேக்கை வலது காலால் தடவிக் கொடுத்தார். வண்டி நின்றது. நின்றும் முன்னால் நகரவே பார்த்துக்கொண்டிருந்ததால் காலை எடுக்காமல் பிடித்திருந்தார். கிருபாவதி கண்ணை மூடியிருந்தார். வாயில் துணி இல்லை.

திருப்பதி வீட்டு வாசலில் இறக்கும்போது, "வந்துட்டமா?" என்றுதான் கேட்டார்.

ஜன்னலோரத்தில் பதினோரு நாள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் விடிவதற்குள் போய்விட்டார்.

கல்லறைக்கு அதே வேகனில்தான் கொண்டுபோனார்கள். துக்கத்துக்கு வந்திருந்த ரங்கையா, தான் ஓட்டுவதாகச் சொன்னார். ஏசுரத்தினம் தலையசைத்து மறுத்துவிட்டார். ரங்கையா முன் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். கல்லறைச் சந்தில் ஜனம் ஒதுங்கி நிற்க, வேகம் குறைந்தது. வண்டி தன்பாட்டுக்கு ஒவ்வொரு கியராக இறங்கி வந்தது. பின்னால் இருந்தவருக்கு இனி எதுவும் வலிக்கப் போவதில்லை. ஏசுரத்தினத்தின் இடது கால் தொடைக்கடியில் மடிந்தே கிடந்தது. ரங்கையா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மறுபக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.