வாயில் வைக்காத தண்ணீர்

நான் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கவே இல்லை. ஆனால் உப்பு என்று எழுதிக் கொடுத்தேன். ஒருவன் பிழைப்பு அதோடு போயிற்று.

உங்களிடம்தான் இதை முதன்முதலாகச் சொல்கிறேன். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

பினாங்கிலிருந்து கப்பலேறி, சுமத்திராவின் எண்ணெய் வயல் ஒன்றுக்குக் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் போனவன் நான். காதர் அங்கே கிணற்றுப் பம்புகளைப் பார்த்துக்கொள்பவன். பெண்டாட்டி பிள்ளைகளைப் பினாங்கில், ஜெலுத்தோங்கில் விட்டு வந்தவன். எண்ணெய் குறைந்துபோன வயல் அது. ஓரத்துக் கிணறுகளில் ஆற்றுநீரை இறக்கி, அந்த நீர் நிலத்துக்குள்ளேயே எண்ணெயை மற்றக் கிணறுகளுக்குத் தள்ளும்படி செய்திருந்தார்கள். எண்ணெய் வந்துகொண்டிருந்த கிணறு ஒன்று திடீரென்று வெறும் தண்ணீராகக் கக்கத் தொடங்கியது. மூடிவிடலாம் என்றார் வயலை நடத்திய துரை.

காதர் விடவில்லை. "ஆத்துத் தண்ணி ஒரு வழியா பூந்து வருது தொரை. அந்த வழியை மட்டும் சிமெண்டு போட்டு அடைச்சா எண்ணெய் திரும்பும். வரலேன்னா என்னை அனுப்பிடுங்க" என்றான்.

துரை யோசித்துவிட்டு ஒன்று சொன்னார். வருவது நல்ல தண்ணீர் என்றால் காதர் சொல்வது சரி. உப்புக் கரித்தால் அது அடியிலிருந்து ஏறிய நீர். கிணறும் முடிந்தது, காதரின் வேலையும் முடிந்தது.

அந்த முகாமில் அதைப் பார்க்க நாக்கைத் தவிர வேறு கருவி இல்லை. அன்று காதருக்கு நோன்பு.

"நான் வாயில வைக்க முடியாது அண்ணே. நீங்க பாருங்க. நீங்க சொன்னா சரிதான்" என்று அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்த போத்தலை என்னிடம் கொடுத்தான்.

கிறிஸ்துமஸுக்கு ஊர் வரும் கப்பல் இன்னும் ஒரு மணி நேரத்தில்... போத்தலைத் திறந்ததும் எண்ணெய் நாற்றம் குமட்டிற்று. எப்படியும் உப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்து, உப்பு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவசரம் மட்டும்தானா? உங்களிடம் மறைப்பானேன். கிராணியை விட்டுவிட்டுப் பம்புக்காரனிடம் துரை யோசனை கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

அவசரத்தில் பெட்டிக்குள் போட்ட போத்தல் அப்படியே பினாங்கு வந்துவிட்டது. பண்டிகை முடிந்து, டத்தோ கிராமாட் பகுதியிலுள்ள என் வீட்டில் பெட்டியை ஒழித்தபோது கையில் தட்டுப்பட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு நாக்கில் விட்டேன்.

நல்ல தண்ணீர். துளி உப்பில்லை!

திரும்பிப் போனபோது கிணற்றை வாய்வரை அடைத்திருந்தார்கள். காதரை ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். கிணறு போனால் போகட்டும்... துரையிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் காதரையாவது திரும்ப அழைத்திருப்பார். சொன்னேனா? என் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது காதர் ஜெலுத்தோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறான். நானும் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டேன். "எனக்குத்தான் கணிப்பு தப்பிப் போச்சு அண்ணே" என்று இன்றும் சொல்கிறான். நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். நோன்பு மாதம் வந்தால் பின்னேரத்தில் எனக்கு ஆள் அனுப்புவான், கஞ்சிக்கு உப்புப் பார்த்துச் சொல்ல.

நேற்றும் அகப்பையை நீட்டினான். "உங்க நாக்கு தப்பாதுலா அண்ணே. பாருங்க."

வாயில் வைத்தேன். இரண்டு தரம் வைத்துப் பார்த்தேன். "கொஞ்சம் கம்மி" என்றேன்.

அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கை உப்பை அள்ளிக் கஞ்சியில் போட்டான்.