மைனஸ் பதினாலு

வெர்னா வார்கென்டினின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறவன் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்வான். "காலையில ஸ்டார்ட் ஆகலங்கற, இப்ப சூடா ஓட்டிட்டு வந்து நிக்கிற. காய்ச்சல் விட்டப்புறம் டாக்டர்கிட்ட போனா அவர் என்னத்தப் பாப்பாரு?" என்று சாவியைப் பிடுங்கி ஆணியில் மாட்டுவாள். வண்டி ராத்திரி முழுக்க வெளியே பனியில் கிடக்க வேண்டும். ராத்திரியில் என்ஜினைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரின் ஒயரை யாரும் பிளக்கில் செருகக் கூடாது. விடிந்ததும் அவள்தான் சாவி போடுவாள். குளிரில் வரும் கோளாறை ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் பார்க்க முடியும். என்ஜின் ஒரு தரம் சூடாகிவிட்டால் அன்றைய தடயம் போயிற்று.

ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் இல்லை. வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. தொலியை எதிராளியின் பூட்ஸுக்கு ஓர் அங்குலம் முன்னால் துப்புவாள். சஸ்காச்சுவானில் நானூறு பேர் உள்ள அந்த ஊரில் பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள், மீதிப்பேர் அவள் தங்கை ஹெடியின் கட்சி. ஆனாலும் அடுத்த மெக்கானிக் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான். அதனால் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு அவளிடமே வந்தார்கள்.

அக்கா தங்கைச் சண்டைக்குப் பதினோரு வயது. ஒரு ஜனவரியில் அப்பா தன் நீல வண்டியைக் கொண்டுவந்து, நிற்கும்போது இருமி இருமி அணைந்துபோகிறது என்றார். எண்பத்தெட்டு மாடல். வெர்னா ஒரே நாளில் பார்த்து அனுப்பினாள். அடுத்த நான்கு நாளும் மைனஸ் முப்பது டிகிரி. வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆயிற்று. ஐந்தாம் நாள் குளிர் தணிந்து மைனஸ் பதினாலு. அன்று காலை அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. அவரோடு இருந்த ஹெடி அவரை முன்சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினாள். என்ஜின் சுற்றிச் சுற்றிப் பார்த்தது, பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அப்பா அந்த முன்சீட்டிலேயே போய்விட்டார்.

அடக்கத்தன்றே ஆரம்பித்துவிட்டாள் ஹெடி. "இவ கை வச்ச வண்டி. இவதான் அப்பாவக் கொன்னா."

"மைனஸ் முப்பதுல நாலு நாள் ஓடின வண்டி அது," என்றாள் வெர்னா. "முந்தின ராத்திரி பிளக் மாட்டாம விட்டது நீ."

"பதினாலுக்கு எவ பிளக் மாட்டுவா?"

அது நிஜந்தான். மைனஸ் இருபதைத் தொடாமல் அந்த ஊரில் யாரும் ஒயரைக் கையில் எடுப்பதில்லை. கரண்டுக்கு யார் அழுவது. ஆக இருவருக்கும் ஆளுக்கொரு நியாயம் இருந்தது. அதைச் சர்ச் ஹாலில் காபிக் கோப்பையோடு ஏந்திக்கொண்டு அலைந்தார்கள். ஹெடி வண்டியைக் கொட்டகையில் பூட்டிவைத்து, கோடையில் மட்டும் வெளியே எடுத்தாள். தன் கையில் ஒரு காலை நேரம் கொடுத்தால் போதும், குற்றமில்லை என்று காட்டிவிடுகிறேன் என வெர்னா மூன்று முறை ஆள் அனுப்பினாள். மூன்று முறையும் வெறும் ஆள்தான் திரும்பி வந்தான்.

இந்தக் குளிர்காலத்தில் ஹெடியின் பிக்கப் உயிரை விட்டது. பள்ளிக்கூடத்துச் சமையலறை வேலைக்குப் போக அப்பாவின் வண்டியை எடுத்தாள். அது பத்து நாள் ஓடியது, நாலு நாள் படுத்தது. கடைசியில் அவள் புருஷன் ரோலண்ட் டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வெர்னாவின் முற்றத்தில் விட்டான். டிராக்டரை அணைக்காமலே திரும்பிப் போய்விட்டான். ஹெடி மட்டும் நின்றாள்.

"வேற வழியில்லாமத்தான் வந்தேன்."

"தெரியும். வழி இருந்தா நீ என் சாவுக்குக்கூட வரமாட்ட."

"வருவேன். பெட்டிக்குள்ள இருக்கறது நீதானான்னு பாக்க."

வெர்னா தொலியைத் துப்பினாள். "என்னைக்கெல்லாம் படுத்துச்சு?"

"குளிர் கம்மியான அன்னைக்கு. முப்பதுல ஜோரா ஓடுது, பதினாலுல செத்துக் கிடக்குது. ரோலண்ட் கேட்டா, நான் பெடல மிதிக்கறது சரியில்லங்கறான்."

"அவன் தலைக்கும் ஒரு பிளக் மாட்டு, வேலை செய்யும். முப்பதுல ஒயரச் செருகறீங்க, ஓடுது. பதினாலுல செருகல, ஓடல. நாளைக்கும் பதினாலுன்னுதான் சொல்றாங்க. வண்டி இங்கயே கிடக்கட்டும். காலையில ஏழு மணிக்கு நீயும் வந்து உன் கண்ணால பாரு. பாத்துட்டு ஞாயித்துக்கிழம எல்லார் முன்னாலயும் சொல்லு, வெர்னா கை வச்சதுல தப்பில்லன்னு."

"தப்பு இருந்தா?"

"இருக்காது."

அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. பதினோரு வருஷமாகக் கேட்ட அந்த ஒரு காலைப் பொழுது தானாக முற்றத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

மறுநாள் ஏழுக்கு ஹெடி கைகளைக் கம்பளிக் கோட்டுக்குள் விட்டபடி வந்து நின்றாள். வணக்கம் கிணக்கம் ஒன்றுமில்லை. வெர்னா முதலில் சாவியைத் திருப்பவில்லை. பாட்டரியைப் பார்த்தாள், பெட்ரோல் குழாயில் அழுத்தமானியை மாட்டினாள், இரண்டும் சரி. பிறகு என்ஜினின் சூட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரின் கிளிப்பைக் கழற்றி மீட்டரை வைத்தாள். அந்தக் குளிரில் பத்தாயிரம் ஓமுக்கு மேல் காட்டியிருக்க வேண்டும். ஆயிரத்து இருநூறு என்றது.

"என்ன?" என்றாள் ஹெடி.

"இது புளுகுது. வெளியில மைனஸ் பதினாலு. இது, நாப்பது டிகிரி வெயில் அடிக்குதுன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லுது. வெயில்னா எதுக்குக் கூடுதல் பெட்ரோலுன்னு அது கொடுக்க மாட்டேங்குது. பிளக் மாட்டின அன்னைக்கு என்ஜின் நெசமாவே சூடா இருக்கும், புளுகு வெளிய தெரியாது."

ஹெடி குனிந்து மீட்டரைப் பார்த்தாள். "அப்ப, அன்னைக்கும் இதானா?"

"இதேதான். வண்டியோட வந்த சென்சார் கெட்டுப்போச்சு. நானும் இல்ல, நீயும் இல்ல."

கடைசி வார்த்தைகள் வெர்னாவுக்கே புதிதாக இருந்தன. ஸ்பானரைப் போட்டுச் சென்சாரைக் கழற்றி, துணியால் துடைத்தாள். பித்தளைப் பட்டையில் ஏதோ கீறியிருந்தது. தான் மாட்டும் ஒவ்வொரு பாகத்திலும் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் ஊசியால் கீறுவது அவள் பழக்கம். அவளுடைய எழுத்துத்தான். அந்த ஜனவரித் தேதிதான்.

அப்போதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அன்றும் சென்சார்தான் கெட்டிருந்தது, சரியான புதுசு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அப்பா ஏலத்துக்குப் போகவேண்டும் என்று பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினார். அலமாரியில் வேறு வண்டியின் சென்சார் ஒன்று இருந்தது. மரை பொருந்தியது, கிளிப் பொருந்தியது, அது சொல்லும் சூட்டுக் கணக்கு மட்டும் வேறு. மாட்டிவிட்டாள். ஹீட்டர் போட்ட ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து பார்த்தாள். பட்டுப்போல் ஓடியது. ஒரு ராத்திரி வெளியே போட்டுப் பார்க்கவில்லை. ஊரில் உள்ளவனையெல்லாம் எதற்காகத் திட்டினாளோ அதைத் தன் அப்பாவின் வண்டிக்கு அவளே செய்திருந்தாள்.

பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருக்கலாம். ஹெடிக்குச் சென்சாரும் தெரியாது, திருகாணியும் தெரியாது. வெர்னா அதையும் நினைத்துப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "படி."

ஹெடி வாங்கி விளக்கடியில் பிடித்துப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். வெர்னா வசவுக்காகக் காத்திருந்தாள், அதை விரும்பியே காத்திருந்தாள். திட்டட்டும், பனியில் தள்ளி மிதிக்கட்டும், தகும்.

"அப்பா போறதுக்கு முந்தின ராத்திரி ஒயரக் கையில எடுத்தேன்," என்றாள் ஹெடி. "பதினாலுதானேன்னு வச்சுட்டேன். கையில எடுத்தது யாருக்கும் தெரியாது. அதான் பதினோரு வருஷமா நீதான் நீதான்னு கத்தினேன்."

வெர்னாவின் வாயில் விதை அப்படியே நின்றது.

"நெசமாவே நீதான்னு நான் ஒரு நாள்கூட நம்பினதில்ல, வெர்னா."

சென்சாரைக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாள்.