கேசட்டிலிருந்து எடுத்த ஜெபம்

ஆவிகளைப் பகுத்தறியும் வரம், அதாவது எது தேவனிடமிருந்து வந்தது, எது பிசாசிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் வரம், தனக்கு இருப்பதாக எங்கள் பாஸ்டர் சொல்லிக்கொள்வார். அந்த வரத்தை வைத்துத்தான் என் கேசட்டைப் பிடித்தார்.

2003 வாக்கில், ஜெயங்கொண்டத்தில் நான் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முந்தின வருஷம் அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரி மோதி அப்பா போய்விட்டார். சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பா மகன் தந்த இங்கிலீஷ் ராப் கேசட்டில் ஒருவன், தெருவில் செத்த தன் அப்பாவுக்காகக் கடவுளோடு சண்டை போட்டான். இரண்டு கெட்ட வார்த்தைகளும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் என் வாயில் வராத கேள்வியை அவன் கேட்டான். அப்பா சாவுக்கு வந்த சபையார் 'தேவ சித்தம்' என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனவர்கள்.

வீட்டுக்கு ஜெபிக்க வந்த பாஸ்டர் காதில் அந்தப் பாட்டு விழுந்தது. கேசட்டை எடுத்துப் போனார். ஞாயிறன்று சபை முன்னால் என்னை எழுப்பி நிறுத்தினார்.

"இது பிசாசு பாட்டு. மூணு மாசம் இந்தப் பொண்ணுக்குத் திருவிருந்து கெடையாது."

கோழிக்குடலை உருவுவதுபோல நாடாவை உருவிப் போட்டார். அவருக்கு அதில் ஒரு வரியும் புரிந்திருக்காது.

இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் அடுத்த திருவிருந்தில் அப்பத் தட்டு என்னைத் தாண்டி அம்மாவுக்குப் போனது. அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இந்த மனுஷனைச் சும்மா விடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் பெண்கள் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். மனப்பாடமாயிருந்த அந்தப் பாட்டிலிருந்து கெட்ட வார்த்தைகளைக் களைந்து, மற்றதை அப்படியே ஜெபத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தேன்.

"கர்த்தாவே, என் தகப்பன் தெருவிலே கிடந்தபோது தேவரீர் எங்கே இருந்தீர்? என் கைகள் அழுக்கானவை. ஆனாலும் கதவை அடைத்துவிடாதேயும்."

பெண்கள் தேம்பினார்கள். அப்பா செத்த அன்றுகூட அழாத அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். பாஸ்டரும் கண்ணைத் துடைத்தார்.

"அல்லேலூயா! இது ஆவியானவர் குடுத்த ஜெபம். வர்ற ஞாயிறே இந்த மகளுக்குத் திருவிருந்து உண்டு!"

இதற்காகத்தான் காத்திருந்தேன். "பாஸ்டர், நீங்க உருவிப் போட்ட கேசட்டுல ரெண்டாவது பாட்டுங்க இது."

அவர் முகம் செத்துப்போனதை ஆசை தீரப் பார்த்தேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. வரமாம், வரம்!

அம்மா மட்டும் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்கு முன்னால் தள்ளியே நடந்தாள். பஸ் ஏறுவதற்கு முன்னால் கேட்டாள்.

"அப்ப நீ அப்பாவ நெனச்சு ஜெபிக்கலியாடி?"

எல்லாரும் கண்ணை மூடியிருந்த அந்த ஜெப நேரம் முழுக்க, ஒரு கண்ணைத் திறந்து பாஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.