எங்கும் ஓடாத கதை

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் காந்திநகரில் ஒரு சினிமாக் கம்பெனியில் வேலை பார்த்தேன். தமிழ்ப் படத்தின் வீடியோ கேசட்டை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி, ஒவ்வொரு வசனத்தையும் கன்னடத்தில் டைப் செய்து கொடுக்க வேண்டும். அதை வைத்து அதே படத்தைக் கன்னடத்தில் மறுபடி எடுப்பார்கள். ஜீவனஹள்ளியில் பிறந்தவளுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். இரண்டு பாஷையும் டைப்பும் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார்களாம். நான் படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து என்னை அனுப்பினார்கள். எனக்குச் சினிமா என்றால் அப்படி ஒரு பைத்தியம். முதல் நாள் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

வசனம் மட்டும் எழுதினால் போதும் என்று நினைத்திருந்தேன். டைரக்டருக்கு எல்லாமே வேண்டியிருந்தது. கதாநாயகி எந்தப் பக்கம் திரும்புகிறாள், தூணில் எந்தக் கையை வைக்கிறாள், பின்னால் கட்டியிருக்கும் மாடு என்ன நிறம், அத்தனையும். அவர் மைசூர்ப் பக்கத்துக்காரர். மெட்ராஸில் சில வருஷம் இருந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். கெட்ட மனிதர் இல்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்தால் என்னையும் கூப்பிட்டு உட்காரவைப்பார். ஆனால் அவர் எடுத்த படங்களில் அவருடையது என்று சொல்ல ஒரு மாடுகூடக் கிடையாது.

ஒரு படத்தின் கடைசிச் சண்டையில் தமிழ்க் கதாநாயகன் லேசாக நொண்டுவார். படப்பிடிப்பில் அவருக்கு நிஜமாகவே கால் பிசகி, கட்டோடு நடித்தார் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். அதனால் நொண்டுவதை நான் எழுதவில்லை. டைரக்டர் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, கன்னடக் கதாநாயகனையும் நொண்டச் சொல்லிவிட்டார்.

"சார், அவருக்கு நிஜமாவே கால் பிசகிடுச்சு சார். கதையில நொண்டல் கிடையாது."

"இருக்கட்டும்மா. ஓடின படம். எந்தக் காலால ஓடுச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது சிரிப்பு போய்க் கோபம் வந்தது. நன்றாக இருக்கிற இரண்டு காலையும் வைத்துக்கொண்டு எதற்காக அடுத்தவன் நொண்டலை நொண்ட வேண்டும்? எங்கள் தெருவில் ஜனங்கள் தமிழில் ஒரு படத்தைப் பார்ப்பார்கள். கொஞ்ச மாதத்தில் அதே கதை கன்னடத்தில் வரும், போய்ப் பார்ப்பார்கள். பிறகு இந்தியிலும் வரும். அதே அம்மா அதே இடத்தில் அழுவாள். தமிழில் அழுததே தெலுங்கிலிருந்து எடுத்த அழுகையாக இருக்கும். இந்த ஊரில் நடக்கிற எதுவும் இந்த ஊர்ப் படத்தில் வராது. பெங்களூரில் மனிதர்களே வாழவில்லை, கேசட்டுகள்தான் வாழ்கின்றன என்பது போல.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். அவள் புருஷன் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆட்டோ வாசலில் சும்மா நின்றது. ஒரு நாள் விடியற்காலையில் அவரை ஆட்டோவின் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, தெரு ஆட்கள் இரண்டு பேரைத் தள்ளச் சொல்லி, ரயில் பாதை ஓரத்து மைதானத்துக்குக் கொண்டுபோனாள். அவர் பின்னாலிருந்து குழறிக் குழறிச் சொல்ல, அவள் கற்றுக்கொண்டாள். தரையிலிருக்கும் கம்பியை இழுத்து ஸ்டார்ட் செய்வதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் என்பாள். லைசென்ஸ் வாங்கினாள். சேலைக்கு மேல் புருஷனின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சிவாஜிநகரில் போய் நின்றாள்.

யாரும் ஏறவில்லை. வந்து உட்காருவார்கள், "டிரைவர் எங்கம்மா?" என்பார்கள். "நான்தான்" என்றதும் இறங்கிவிடுவார்கள். ஒருவரும் திட்டவில்லை, சண்டை போடவில்லை. மரியாதையாக இறங்கிப் பக்கத்து வண்டியில் ஏறிக்கொள்வார்கள். நாள்கணக்கில் இப்படிப் போனது. கடைசியில் மார்க்கெட்டிலிருந்து ஒரு மீன்காரம்மா கூடையோடு வந்தார். வாடை அடிக்கும் என்று மற்ற ஆட்டோக்காரர்கள் எல்லோரும் அவரை விரட்டியிருந்தார்கள். "கூடையோட ஏத்துவியா?" என்று கேட்டார். அக்கா, "ஏறும்மா" என்றாள். அதுதான் முதல் சவாரி.

இதை நான் டைரக்டரிடம் ஒரு மதியம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கண்கூடக் கலங்கியது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. எந்த பாஷையில வந்துச்சு?"

"எந்த பாஷையிலயும் வரல சார். எங்க தெருவுல நடந்துச்சு."

அவர் முகத்தில் ஏதோ அணைந்தது.

"சரி, நாலு ரவுடிங்க ஆட்டோவை மறிக்கிறாங்க. ஹீரோ வந்து..."

"யாரும் மறிக்கல சார். ஏறல, அவ்வளவுதான். மறிச்சிருந்தா அக்கா சண்டையாவது போட்டிருப்பாங்க. ஏறாதவன்கிட்ட என்ன சண்டை போடுறது? அதுதான் சார் கதையே."

"மீன் பேடாம்மா, வேணாம். வலி எடுத்த புள்ளத்தாச்சிய ஏத்து. ஜனங்க அழுவாங்க."

"மீன்தான் சார் ஏறுச்சு."

அவர் கை கழுவிவிட்டு வந்து, என் தோளில் தட்டாத குறையாக அன்போடு சொன்னார்: "முதல்ல எங்கயாவது ஓடட்டும்மா. ஓடிச்சுன்னா நாம கண்டிப்பா எடுக்கலாம்."

மேசையில் அடுத்த கேசட் தயாராக இருந்தது. அதை நான் போடவில்லை. "நாளையிலிருந்து வரலை சார்" என்றேன். அவருக்குப் புரியவேயில்லை. "சும்மனே கோவிச்சுக்கிறியே" என்றார். சும்மா கோபித்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். இன்ஸ்டிட்யூட்டில் டைப் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. மீதி நேரத்தில் அந்தக் கதையை நாடகமாக எழுதினேன்.

அக்காவை அக்காவாகவே நடிக்கச் சொன்னேன். "போம்மா, நான் ஓட்டுறதா ஆடுறதா" என்று மறுத்துவிட்டாள். நானே நடித்தேன். ஒத்திகை பார்க்க வந்தவள், முதல் சவாரி முடிந்து நான் ஸ்டியரிங்கில் சாய்ந்து குலுங்கி அழுததும் எழுந்து நின்றாள்.

"இன்னாம்மா இது? நான் எங்க அழுதேன்?"

"அந்த எடத்துல அழுகை வரும்லக்கா."

"எனக்குப் பசி வந்துச்சு. நேரா போயி ரெண்டு பன் வாங்கித் தின்னேன்."

அந்த இடத்தில் அழ வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? எத்தனை கேசட் என் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அழுகையை அடித்துவிட்டு இரண்டு பன் என்று எழுதினேன்.

அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு மண்டபத்தில் நாடகம் போட்டோம். மேடை தாழ்வு என்பதால் பலகை போட்டு நிஜ ஆட்டோவையே ஏற்றிவிட்டாள் அக்கா. மீன்காரம்மா தாமே நடிக்கச் சம்மதித்திருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் நிஜக் கூடையில் நிஜ மீனோடு வந்துவிட்டார். மின்விசிறி சுழன்று வாடையை மண்டபம் முழுக்க அனுப்பியது. முன்வரிசையில் கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின. ஒரு பெரியவர் பாதி எழுந்தார். மேடையில் மீன்காரம்மா, "கூடையோட ஏத்துவியா?" என்று கேட்டார். பெரியவர் அப்படியே நின்றார். நான் "ஏறும்மா" என்றேன். பெரியவரும் உட்கார்ந்துகொண்டார்.

பன் தின்னும் இடத்தில் மண்டபமே சிரித்தது. அதில் ஏளனம் இல்லை. பசித்த ஆள் சாப்பிடுவதைப் பார்க்கும் நிம்மதி இருந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் எந்தக் கேசட்டிலிருந்தும் எழுதிக் கொடுத்ததில்லை. அக்காவின் புருஷன் ஓரத்தில் நாற்காலியில் சாய்ந்து, நன்றாக இருக்கும் கையால் தொடையைத் தட்டிக்கொண்டேயிருந்தார்.

மண்டபத்துப் பொறுப்பாளர் தரையில் பினாயில் ஊற்றிக் கழுவச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "நாடகம் நல்லா இருந்துச்சும்மா. அடுத்த தடவ வெறும் கூடை போதாதா?"

"போதாது சார்."

அதன்பிறகு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சர்ச் ஹாலில் போட்டோம். ஜீவனஹள்ளியில் தெருவை அடைத்துப் போட்டோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரில் பெரிய பெரிய தியேட்டர்கள் வந்தன, கேசட் போய் டிவிடி வந்தது, ரீமேக் மட்டும் போகவில்லை. என் கதையை யாரும் படமாக எடுக்கவில்லை. நான் அடுத்த நாடகத்தை எழுத உட்கார்ந்தேன். அது எங்கள் தெருக்குழாயடியில் நடந்தது. எந்த பாஷையிலும் அதற்கு முன் வரவில்லை.