தானாக அணைய வேண்டிய மெழுகுவத்தி

ஜப்பான்காரன் காலத்தில் ஜொகூர் ஆஸ்பத்திரி ஒன்றின் கிருமிச் சோதனை அறையில் எனக்கு வேலை. சில கிருமிகளுக்கு மாப்பிள்ளை முறுக்கு அதிகம். வெறும் காற்றில் வளராது. கரியமில வாயு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மிட்டாய்ப் போத்தலுக்குள் கிருமித் தட்டை வைத்து, பக்கத்தில் மெழுகுவத்தியை ஏற்றி, மூடியைச் சுற்றி ரப்பர் பால் பூசி அடைப்போம். சுடர் தானாக அணைந்ததும் உள்ளே இருக்கிற காற்று கிருமிக்குப் பிடித்துவிடும். கிருமிக்குத் தீனியாகத் தட்டில் ஊற்றும் ரத்தம்கூட எங்கள் கையிலிருந்து எடுத்ததுதான். பட்டினிக் காலம்தான், ஆனாலும் மெழுகு வாசனை அடித்த அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.

செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெண் தன் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையின் இரண்டு கண்ணும் சீழ் பிடித்து வீங்கியிருந்தன. பிரசவத்தில் ஒட்டிக்கொள்ளும் கிருமியாக இருந்தால் பார்வை போய்விடும். அதற்குக் கொடுக்கும் சல்ஃபா மாத்திரை மிஞ்சியிருந்தது சொற்பம். கிருமி வளர்ந்து உறுதியானால்தான் தருவேன் என்றுவிட்டார் டாக்டர். அதை வளர்க்க மெழுகுவத்தி எங்கேயும் கிடைக்கவில்லை. தேங்காயெண்ணெய் விளக்கை வைத்துப் பார்த்தேன். கரி படிந்து தட்டு பாழானதுதான் மிச்சம்.

எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. என் மனைவியின் அண்ணனைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் திரும்பும் நாளில் ஏற்றுவதாக நேர்ந்துகொண்டு, மாதா கோயில் சாமியாரிடம் மந்திரித்து வாங்கிய மெழுகுவத்தி அது. இடையில் ஏற்றக்கூடாது. ஏற்றியது பாதியில் அணைந்தால் அவளுக்கு அதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது. நான் மென்று விழுங்கித்தான் கேட்டேன்.

"அது தானா அணையணுமா?" என்றாள்.

"ஆமா. அணைஞ்சாத்தான் வளரும்."

பெட்டியிலிருந்த சேலை மடிப்புக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தாள். "கொண்டு போங்க. எங்கண்ணன் இருட்டுலயும் வீட்டைக் கண்டுபிடிச்சு வருவாரு."

கிருமி வளர்ந்தது. டாக்டரும் சொன்ன சொல் தவறவில்லை. மிச்ச மெழுகுவத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் பழைய இடத்திலேயே வைத்தாள்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்கள், அண்ணன் அங்கேயே இறந்துவிட்டார் என்றார்கள். அந்த மிச்சத்தை அவர் ஆத்துமாவுக்காக ஏற்றினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

துக்கம் கேட்கத் தோட்டத்துப் பெண்ணும் வந்திருந்தாள். அவள் மகள் சுடரையே பார்த்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தாள். என் மனைவி மெழுகுவத்தியை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக நகர்த்தினாள். குழந்தையின் கண்களும் கூடவே போயின.

அப்புறம்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.