உப்பு ஜாடியில் ஒரு கோடு

அம்மா திருட்டுத்தனமாக ஊறுகாய் தின்கிறாள் என்று அப்பா சந்தேகப்பட்டார். அவர் சந்தேகப்பட்டதால் நானும் சந்தேகப்பட்டேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு அதற்குமேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

அம்மாவுக்குப் பிரஷர் என்று தெரிந்ததும் வீட்டிலேயே பார்க்கும் மெஷின் ஒன்றை அப்பா வாங்கி வந்தார். கோயில் பக்கத்து லாட்ஜில் அவர் மேனேஜர். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி, எதிரே உட்கார்ந்துகொள்வார். எண் எப்போதும் ஏறித்தான் இருக்கும். உடனே சமையலறைக்குப் போய் உப்பு ஜாடியைத் தூக்கிப் பார்ப்பார். அதில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"நான் இல்லாதப்போ அம்மா இன்னா துன்றான்னு பாத்து சொல்லு," என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கோடை விடுமுறை. அம்மாவை விட்டு நகராமல் கவனித்தேன். அவள் மோர்ச் சோறுதான் சாப்பிட்டாள். மதியத்தில், எனக்கு வேடிக்கை காட்ட மெஷினைக் கட்டிக்கொள்வாள். எண் சரியாக இருக்கும். அப்பாவிடம் சொன்னேன்.

"அதெப்பிடி நான் இல்லாதப்போ மட்டும் கம்மியாவுது? மெஷினையே ஏமாத்துறா."

எப்படி ஏமாற்றுகிறாள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

கடைசியில் மூவருமாக டாக்டரம்மாவிடம் போனோம். அங்கேயும் ஜாஸ்தி. அப்பா ஊறுகாய்க் கதையை ஆரம்பித்தார்.

"பிரஷர் ஒரே இடத்துல நிக்காதுங்க. படி ஏறினா ஏறும், பேசினாலே ஏறும், தூங்கினா எறங்கும்," என்ற டாக்டரம்மா, அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், நீங்க வெளிய இருங்க."

அப்பா தயங்கித்தான் எழுந்தார். போகும்போது, கவனித்துக்கொள் என்பதுபோல் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

கதவு மூடியது. டாக்டரம்மா மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி பட்டையைக் கட்டினார். எண் இறங்கியிருந்தது.

"வீட்ல எதனா பிரச்சினையாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க மேடம்."

திரும்பும்போது வண்டியில் அவர்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். சேதி சொல்ல வாய் துறுதுறுத்தது.

"அப்பா, நீ வெளிய போன ஒடனே…"

பின்னாலிருந்து வந்த அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. செங்கம் ரோட்டில் ஒரு லாரி புழுதி கிளப்பிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அதற்காகத்தான் பொத்துகிறாள் என்று நினைத்து, வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவே இல்லை.