லாங்லி ஆட வந்தால் பிஜன் வெளியே

வட கல்கத்தாவில் ட்ராம் திரும்பும் முனையை ஒட்டிய எங்கள் சந்தில் பிஜன் ஹாஜ்ராவைத் தெரியாதவர்கள் கிடையாது. பவ்பஜாரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. ஐம்பதைத் தாண்டியவன். குடி இல்லை, சூது இல்லை, ஒருத்தர் வம்புதும்புக்குப் போனதில்லை. இப்படிப்பட்ட மனிதனுக்குத்தான் இந்தச் சந்து தரித்திரம் பிடித்தவன் என்று பட்டம் கட்டிவிட்டது. காரணம் கிரிக்கெட். இன்னும் சரியாகச் சொன்னால், ஆஸ்திரேலியாக்காரன் ட்ரெவர் லாங்லி.

லாங்லியை எங்களில் யாருக்கும் பிடிக்காது. வந்தபோதெல்லாம் நம் பந்துவீச்சாளர்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போனவனை எப்படிப் பிடிக்கும்? பிஜனுக்கு மட்டும் அவன் மேல் பித்து. மற்றவர்கள் பந்தை எதிர்கொண்டு போய் அடிப்பார்கள். லாங்லி அதைத் தன்னைத் தாண்டிப் போக விடுவான். விக்கெட் கீப்பர் கையை விரித்துக் காத்திருக்கிற நேரத்தில், போகிற பந்தின் தலையில் மட்டையால் லேசாக ஒரு தட்டு. பந்து தானாக எல்லைக்கோட்டைத் தொடும். அவன் ஓடக்கூட மாட்டான்.

"மனுஷன் அவசரமே படல பாரு" என்பான் பிஜன். சொல்லும்போது கண் கலங்கிவிடும். முதலாளியின் அவசரத்துக்கு நாளெல்லாம் லென்ஸ் தேய்க்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே யாருக்குப் புரிந்தது?

எங்கள் சந்தின் மன்றமான தருண் சங்கத்தின் ஒற்றை அறையில், கேரம் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, எல்லாரும் சேர்ந்துதான் ஆட்டம் பார்ப்பது. அங்கே ஒரு சட்டம் உண்டு. விக்கெட் விழுந்தபோது யார் எங்கே எப்படி இருந்தார்களோ, அடுத்த விக்கெட்டுக்கும் அப்படியே இருக்கவேண்டும். ஒருமுறை சுகோமல் பாபு கதவு நிலையில் ஒற்றைத் தோளைச் சாய்த்தபடி பொழுது சாயும்வரை நின்றார். வங்கி அதிகாரி, படித்த மனிதர். வெட்கக்கேடு.

ஒருநாள் லாங்லி அசையாமல் நின்று ஆடிக்கொண்டிருந்தான். டீ சொல்லிவிட்டு வருவதற்காகப் பிஜன் எழுந்து போனான். அவன் வாசலைத் தாண்டியதும் லாங்லி அவுட். திரும்பி வந்தவனை, அண்ணன் முறை வைத்துப் 'பிஜன்தா' என்று கூப்பிடுகிற சங்கச் செயலாளர் பொல்ட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"பிஜன்தா, நீ பாத்துக்கிட்டிருக்கிற வரைக்கும் அந்தாளு அவுட்டாக மாட்டான். உன் கண்ணுதான் அவனுக்குக் காவல்."

எல்லாரும் சிரித்தார்கள். பிஜனும் சிரித்தான். சிரித்தது அவன் தப்பு.

அன்றிலிருந்து லாங்லி மட்டையோடு இறங்கினால் பிஜன் வெளியே போகவேண்டும். தெருக்குழாய் அருகில் நிற்பான். லாங்லி அவுட்டானால், பிஜன் வெளியே நின்ற பலன். ஆகாவிட்டால் அவன் போதிய தூரம் போகவில்லை என்று அர்த்தம். ட்ராம் முனைவரை விரட்டுவார்கள். எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனும் என்றைக்காவது அவுட்டாகத்தான் செய்வான் என்று அத்தனை பட்டதாரிகளில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. சரி, வீட்டில் தனியாகப் பார்க்கலாமே என்றால் அங்கேயும் வந்து கதவைத் தட்டினார்கள்.

"டிவிய அணைச்சிடு பிஜன்தா. நாட்டுக்காகத்தானே கேக்கிறோம்."

அவனும் அணைத்தான். அவன் மனைவி மஞ்சரிக்கு வயிறு எரிந்தது.

"உங்க வீடு, உங்க டிவி, உங்க கண்ணு. அவனுங்க சொன்னா மூடிக்குவீங்களா? தூ."

"விடு மஞ்சரி. நாலு பேரோட இருக்கணுமில்ல."

"நாலு பேரா அது? நாலு கழுதை."

எதிரணிக்காரனை ரசிக்கிறாயே, துரோகி என்று திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பான். தரித்திரம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவனிடம் என்ன பேசுவது? இப்படியே வருஷங்கள் ஓடின. உலகத்தில் அவனுக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரனின் ஒரு ஆட்டத்தைக்கூட அதற்குப் பிறகு அவன் முழுதாகப் பார்த்தது கிடையாது.

அந்தக் குளிர்காலத்தில் லாங்லி ஓய்வு பெறப்போவதாக அறிவித்தான். கடைசி டெஸ்ட் எங்கள் ஈடன் தோட்ட மைதானத்தில். சங்கத்துக்கு வந்த டிக்கெட்டுகளில் ஒன்றைப் பிஜன் கெஞ்சிக் கேட்டு வாங்கினான்.

"ஒண்ணே ஒண்ணு பொல்ட்டு. அங்க என்னை எழுந்து போன்னு சொல்லக்கூடாது."

"மா காளி மேல சத்தியம் பிஜன்தா. கடைசி தடவையாச்சே, கண்குளிரப் பாரு."

கடைசி நாள். லாங்லியை வீழ்த்தினால் ஜெயம் நமக்கு. குரங்குக் குல்லாயும் அவித்த முட்டையும் ஆரஞ்சுப் பழமுமாக எங்கள் வரிசை முழுதும் நிறைந்திருந்தது. பிஜன் வாயில் எதையும் போடவில்லை. உணவு இடைவேளைவரை லாங்லி ஆடியதை, நடுவில் ஒரு கண்ணாடித் திரைகூட இல்லாமல், தன் கண்ணாலேயே பார்த்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நாங்கள் பார்த்ததே இல்லை.

இடைவேளைக்குப் பிறகும் லாங்லி அசையவில்லை. எங்கள் வரிசையின் கண்கள் பிஜன் பக்கம் திரும்பின.

"பிஜன்தா, ஒண்ணுக்கு வரலையா?" என்றான் பொல்ட்டு.

"வரல."

"வந்தா நல்லாயிருக்கும்."

"சத்தியம் பண்ணினியேடா."

"மா காளிக்கும் நாம ஜெயிக்கணும்னுதான் இருக்கும்."

சுகோமல் பாபு தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் நாட்டையும் நினைச்சுப் பாரு பிஜன்."

பின் வரிசையிலிருந்து முன்பின் தெரியாத ஒருத்தன் எட்டிப் பார்த்தான். "இவன்தானா அந்தத் தரித்திரம்?" ஒரு ஆரஞ்சுத் தோல் வந்து பிஜனின் கழுத்தில் விழுந்தது. அதற்குச் சிரித்தவர்களில் எங்கள் சந்துக்காரர்களும் இருந்தார்கள். பிஜன் எழுந்து போனான்.

கீழே கழிப்பறை வாசலில் நின்றான். மூத்திரம் கால்வரை ஓடி வந்தது, வாடை மூக்கைத் துளைத்தது. மேலே கூட்டம் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று ஊளை நின்றால் லாங்லி நாலு அடித்திருக்கிறான் என்று அர்த்தம். அப்படித்தான் பிஜன் அவனுடைய கடைசி ஆட்டத்தைக் கேட்டான். மௌனம், பிறகு ஊளை, மறுபடி மௌனம். அந்த நாற்றத்தில் நின்றபடி அவனுக்குக் குமட்டியது. பொல்ட்டுவை நினைத்துப் பாதி, சொன்னதும் எழுந்து வந்த தன்னை நினைத்து மீதி.

நான் பார்த்தால் அவன் அவுட்டாக மாட்டான் என்றுதானே இத்தனை வருஷம் சொன்னீர்கள்? சரி, பார்க்கிறேன். அவனை என் கண்ணே காப்பாற்றட்டும். அந்த மூடத்தனத்தை முதல்முறையாகத் தானும் நம்பிக்கொண்டு பிஜன் படியேறினான்.

அவன் மேலே வந்து நின்றபோது பந்துவீச்சாளன் ஓடி வந்துகொண்டிருந்தான். லாங்லி வழக்கம்போலப் பந்தைத் தாண்டிப் போக விட்டான். மட்டை இறங்கியது. பந்து ஓரத்தில் உரசிக் கீப்பரின் கைக்குள் போய் உட்கார்ந்தது.

ஈடன் வெடித்தது. தாளும் தோலும் பறந்தன. லாங்லி மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அப்போதும் அவசரப்படாமல், நடந்தான். எழுந்து நின்று வழியனுப்ப ஒரு ஆள் இல்லை, எல்லாரும் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். பிஜன் இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்திக் கைதட்டினான். கண்ணீர் வழிய வழியத் தட்டினான்.

பொல்ட்டு திரும்பிப் பார்த்தான்.

"டேய், பிஜன்தாவே தட்டுறாருடா. பாத்த பந்துலயே அவன் காலி. கடைசில நம்மாளா ஆயிட்டாருடா."

அப்படியே அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். "இல்லடா, நான் அவனுக்குத்தான்..." என்று பிஜன் வாயைத் திறந்தான். திறந்த வாயில் யாரோ ஒரு சந்தேஷ் இனிப்பைத் திணித்தான். முட்டை நாற்றமடிக்கிற விரல் தொண்டைவரை வந்து போனது. அந்த உயரத்திலிருந்து லாங்லியின் முதுகு நன்றாகவே தெரிந்தது. கைகளைக் கீழே போட்டான். இன்னும் தட்டினால் அதையும் இவர்கள் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

துப்பினால் கீழே பொல்ட்டுவின் தலை. துப்பியிருக்கலாம். பிஜன் விழுங்கினான்.